புதுப்பிப்பு: புல்வெட்டும் மெஷின், ஒயர் போட்டதையே வாங்கிவிட்டேன்
கோயம்புத்தூர் வீட்டில் மூன்று சென்ட் புல்தரைக்கு பேட்டரி மெஷினா, ஒயர் போட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். பேட்டரிதான் என்று பலர் சொன்னீர்கள். விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிட்டது. 1400 வாட், 34 செ.மீ. அகலம் வெட்டும் ஒயர் மெஷின் வந்திருக்கிறது.

மெஷினைவிட ஒயர்தான் யோசிக்க வைத்தது. 230 வோல்ட்டில் 1400 வாட் என்றால் ஆறு ஆம்பியருக்குச் சற்று மேல். அதனால் ஆறு ஆம்பியர் சின்ன ப்ளக்கை விட்டுவிட்டு 16 ஆம்பியர் பாயிண்டில் கொடுத்தேன். எக்ஸ்டென்ஷன் 1.5 சதுர மி.மீ. செம்பு, மூன்று கோர். டிரம்மில் சுற்றியபடியே ஓட்டினால் ஒயர் சூடேறும். முழுதாக அவிழ்த்துவிட வேண்டும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) போட்டாச்சு. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

ஒயர் காலைச் சுற்றாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ப்ளக் பக்கம் ஆரம்பித்து விலகிக்கொண்டே போனால் ஒயர் எப்போதும் வெட்டிய பக்கமே கிடக்கும். தென்னையைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் சர்க்கஸ்தான்.

நம்முடையது பஃபலோ புல், அகல இலை ரகம், ஒட்ட வெட்டினால் தாங்காது. அதனால் உயரத்தை ஐந்து செ.மீ.க்குக் கீழே இறக்கவில்லை. மழை ஈரத்தில் மெஷினைத் தொடுவதே இல்லை.

அப்புறம், பிளேடைச் சாணை பிடித்தால் பேலன்ஸ் போய் அதிரும் என்கிறார்கள். வீட்டிலேயே செய்தவர்கள் இருந்தால் எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.