பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு 'லீடர்ஷிப்' வகுப்பு: எப்படி நடத்தினால் உருப்படும்?

முக்கூடல்காரன்:
திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் நாங்கள் சில பேர் சேர்ந்து சின்னதாக ஒரு டிரஸ்ட் நடத்துகிறோம். ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இலவச டியூஷன். முக்கால்வாசி வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கொத்து வேலை, இல்லையென்றால் கேரளா, திருப்பூர் என்று வெளியூர். கணக்கும் அறிவியலும் நன்றாகவே ஓடுகிறது. இப்போது பணம் தருகிறவர்களில் ஒருவர், வளைகுடாவில் இருக்கிற நம்மூர்க்காரர்தான், "மார்க் மட்டும் போதாது, தன்னம்பிக்கையும் தலைமைப் பண்பும் வர வேண்டும், அதற்கு ஏதாவது செய்யுங்கள்" என்கிறார். சரி என்று வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தோம். மனிதர் அருமையாகப் பேசினார், ஆட வைத்தார், பாட வைத்தார், பிள்ளைகள் கைதட்டித் தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரம் "யாராவது முன்னால் வந்து உங்கள் ஊரைப் பற்றி நாலு வரி சொல்லுங்க" என்றால் ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. ஒருத்தி எழுந்து துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த மாதிரி வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். பேச்சு வகுப்பு இல்லாமல் வேறு என்ன வழி? இன்னொன்று, இப்போது எங்கள் தெருவில் உள்ள சமுதாயக் கூடத்தில்தான் வகுப்பு நடக்கிறது, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள். சாதிதான் காரணம், நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்புறம், வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்கு வழக்கு ஏதும் தனியாக உண்டா?

கடையத்துப் பொண்ணு:
அண்ணாச்சி, நானும் பீடி வீட்டுப் பிள்ளைதான். அம்மா சுற்றும், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து மடக்கிக் கொடுப்பேன், கட்டுக் கட்டி, இலை கொடுத்து பீடி வாங்கிக்கொள்கிற பீடிக்கடைக்குக் கொண்டுபோவதும் நான்தான். அங்கே சரிபார்க்கிறவர் கட்டில் ஒரு பிடியை உருவி, இது லூசு, இது ஓட்டை என்று கழித்துத் தள்ளுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. இலையை எடை குறைத்துக் கொடுத்துவிட்டு முழு ஆயிரம் பீடி கேட்பார்கள், பத்தாத இலையை நாம் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அந்த இடத்தில் ஏழாவது படிக்கிற பிள்ளை நின்று, "நேத்து கொடுத்த இலை பூரா ஓட்டை, நான் எங்கே போவேன்" என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுவாள். நானே போட்டிருக்கிறேன், ஜெயித்தும் இருக்கிறேன். அதே பிள்ளையை மைக் முன்னால் நிறுத்தினால் தொண்டையில் சத்தம் வராது. பீடிக்கடையில் பேசுகிற விஷயம் அவளுக்குத் தெரியும், மேடையில் என்ன பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். வாய் இல்லாத பிள்ளைகள் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால் எந்தப் பயிற்சியாளர் வந்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால் அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தில் நிஜமான வேலை ஒன்றை ஒப்படையுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் உதவித்தொகை இருக்கிறதே, பதினொன்று பன்னிரண்டு படிக்கிறவர்களுக்கு ஆண்டுக்கு 3,000, டிகிரிக்கு 6,000, இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும், பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். எங்கே சிக்கும் தெரியுமா? ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. பிளஸ் ஒன் பிள்ளைகள் இரண்டு பேரிடம், இந்த வருஷம் நம் ஊர் விண்ணப்பம் முழுக்க உங்கள் பொறுப்பு என்று கொடுத்துவிடுங்கள். வீடு வீடாகப் போய்த் தாள்களைப் பார்க்கட்டும், வங்கியில் மேனேஜரிடம் பேசட்டும். அலைந்து முடித்து வரும்போது நீங்கள் முன்னால் கூப்பிடவே வேண்டாம், தானாகவே வந்து பேசுவார்கள், நிறுத்தத்தான் சிரமப்படுவீர்கள்.

தாமிரபரணித் தண்ணி:
கடையத்து அக்கா சொல்வது சரி, ஆனாலும் எனக்கு இந்த 'தன்னம்பிக்கை' என்ற பேச்சின் மேலேயே சந்தேகம் உண்டு. பையனுக்கு பஸ் காசு இல்லை, பாலிடெக்னிக் போவதா கலைக் கல்லூரியா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை, இதையெல்லாம் விட்டுவிட்டு "உன்னால் முடியும் தம்பி" என்றால் அவன் என்ன செய்வான்? அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு மேலே படிக்கிற பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையன்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஊரை விட்டு வெளியே கூட்டிப்போங்கள், இல்லை, கூட்டிப்போகாதீர்கள், அவர்களையே போகச் சொல்லுங்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. எந்த பஸ், எங்கே இறங்கி மாறணும், டிக்கெட் எவ்வளவு, மத்தியானச் சாப்பாடு எங்கே, எல்லாம் பிள்ளைகள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து தீர்மானிக்கட்டும், பெரியவர் ஒருவர் பேசாமல் கூடவே போனால் போதும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசும் கிடையாது. இன்னொரு யோசனை, மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்துக்காரர்கள் 2011 முதல் வருஷா வருஷம் ஜனவரி வாக்கில் நம் மாவட்டக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். நாரையையும் கொக்கையும் பிரித்துப் பார்த்து எண்ணிக் குறிப்பெழுதுகிற பிள்ளைக்குச் சொல்வதற்கு விஷயம் தானாக வந்துவிடும்.

பாளை டீச்சர்:
தம்பி, இடத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ஒரு தெருவின் கூடத்தில் நடக்கிற வகுப்புக்கு அந்தத் தெருவின் பெயர்தான் நிற்கும், நீங்கள் எவ்வளவு நல்ல மனசோடு நடத்தினாலும். தலைமையாசிரியரிடம் பேசி அரசுப் பள்ளியில் ஒரு அறை கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வழியாகக் கேட்டால் சுலபம். இல்லையா, ஊர் நூலகம். 2023இல் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு போட்டது, அடுத்த வருஷம் ஜூனில் அறிக்கை கொடுத்தார்கள். சாதி அடையாளமாகக் கையில் கலர் கயிறு கூடாது என்று அதில் சொன்னதைத்தான் எல்லோரும் பேசினார்கள். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்து 'சமூகநீதி மாணவர் படை' என்று ஒன்று அமைக்கச் சொன்னது பலர் கண்ணில் படவே இல்லை. நம் பக்கத்தில் தலைமைப் பண்பு என்று வகுப்பு எடுத்தால் இதைத் தொடாமல் எடுக்க முடியாது. இல்லாவிட்டால் அவனவன் தன் தெருவுக்குத் தலைவனாகத்தான் வருவான். பொறுப்பு கொடுக்கும்போது இரண்டிரண்டு பேராகக் கொடுங்கள், வேறு வேறு தெருப் பிள்ளைகளாகப் பார்த்து. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கட்டும், காரணம் சொல்ல வேண்டாம்.

கிராம சபைக்கும் அனுப்புங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. பதினெட்டு வயசு ஆகாதவர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, ஆனால் உட்கார்ந்து கவனிக்கலாம். யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் தலையாட்டுகிறார்கள், தீர்மான நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்து வந்து வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்த வரை சிரிப்பும் கோபமுமாக நன்றாகவே சொல்வார்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு. நோட்டும் பையும் கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையேந்த வைத்து போட்டோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். வாரம் முழுக்க நீங்கள் கட்டினதை அந்த ஒரு போட்டோ இடித்துவிடும். பிளஸ் டூ படிக்கிற பெண் அதைத் தன் வகுப்புப் பையன் போனில் பார்த்தால் மறுவாரம் வரமாட்டாள். பிள்ளைகளோடு யாரும் தனியறையில் இருக்கக் கூடாது என்று தன்னார்வலர்களிடம் சொல்லிவிடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பண விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் வளைகுடா நண்பர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார் என்றால், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் கதையே வேறு, பிறந்தது முக்கூடலாகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. உள்ளூர்க்காரர்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான நன்கொடை ரசீது (80ஜி என்பார்கள்) கொடுக்கிறீர்கள் என்றால் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் அவர்களுக்கு வரிச் சலுகை கிடையாது, ஜிபேயில் டிரஸ்ட் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். உங்கள் சொந்த எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். சில்லறைச் செலவுக் கணக்கை ஒரு பிளஸ் டூ பிள்ளை எழுதட்டும், காமர்ஸ் குரூப் பிள்ளை இருந்தால் ரொம்ப நல்லது.

முக்கூடல்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நண்பர் இந்தியப் பாஸ்போர்ட்தான், கேட்டுவிட்டேன். தலைமையாசிரியரைப் பார்க்க இரண்டு பெற்றோர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உதவித்தொகை வேலைக்குப் பிள்ளைகளைத் தேடுகிறேன். ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது, நண்பர் "எத்தனை பேருக்குத் தன்னம்பிக்கை வந்தது" என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் கேட்கிறார். இதை எப்படி எழுதுவது?

கடையத்துப் பொண்ணு:
எத்தனை விண்ணப்பம் போனது, எத்தனை திரும்பி வந்தது, திரும்பி வந்ததை யார் போய்ச் சரிசெய்தது என்று எழுதுங்கள். அந்த ரிப்போர்ட்டையும் பிள்ளைகளே எழுதட்டும், தமிழிலேயே. அவர் நம்மூர்க்காரர்தானே, படிப்பார். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து விண்ணப்பத்துக்கு உதவுகிறேன் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வர வேண்டாம், அந்தத் துப்பட்டாப் பிள்ளையை அனுப்புங்கள், எந்தத் தெரு என்று அவளே வழி சொல்லிக் கூட்டிப்போகட்டும்.