ஸ்லிப் வந்தது, காசு வரவில்லை: ஒன்லைனில் காசு வாங்கியவர்களின் அனுபவங்கள்

மருதமுனை, கைத்தறிச் சேலை

ஐந்து வருடமாக வீட்டிலிருந்தே கைத்தறிச் சேலையும் சாரமும் விற்கிறேன். கடை என்று ஒன்றும் இல்லை, ஃபேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும்தான். தறி வாப்பாவுடையது. மடித்துப் பார்சல் கட்டுவது தம்பி. காசு விஷயம் முழுக்க என் பொறுப்பு. அதனால் இதில் நடந்த பிழையும் என்னுடையதுதான்.

நோன்புப் பெருநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒருவர் மூன்று சேலை கேட்டார். 14,700 ரூபா. பேச்சில் ஒரு குறையும் இல்லை. நிறம் கேட்டார், கரை கேட்டார், விலை குறைக்கவும் கேட்டார். பின்னேரம் மூன்றரைக்கு, காசு போட்டதைக் காட்டும் ஸ்லிப் படம் வந்தது. "ராத்தா, காசு போட்டுட்டன். பெருநாளைக்கு முதல் கிடைச்சாப் போதும்." பச்சை நிறச் சரி அடையாளம், என் கணக்கு இலக்கம், தொகை, அன்றைய திகதி எல்லாம் இருந்தன. நாலு மணிக்கு கொரியர் தம்பி வாசலில் வந்து நின்றார். அனுப்பிவிட்டேன்.

இரவு கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் பதினொரு ஓடர், பத்து வரவு. திரும்பவும் எண்ணினேன், பத்துதான்.

அந்த ஸ்லிப்பை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். திகதியில் இருந்த 7 மற்ற எண்களைவிட ஒரு மயிரிழை கீழே இறங்கி நின்றது. அதைவிட, அடியில் இருந்த பரிமாற்ற இலக்கம் எங்கேயோ பார்த்ததாகத் தோன்றியது. பழைய செய்திகளில் தேடினேன். இரண்டு மாதத்துக்கு முன் அக்கரைப்பற்றிலிருந்து ஓர் அக்கா உண்மையாகவே காசு போட்டு அனுப்பிய ஸ்லிப் அது. அது இந்த மனிதரின் கைக்கு எப்படிப் போனது? நான்தான் கொடுத்திருக்கிறேன். ஆட்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று, பெயரை மட்டும் மறைத்துவிட்டு, வந்த ஸ்லிப்புகளை என் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றை எடுத்துத் திகதியையும் தொகையையும் மாற்றி எனக்கே அனுப்பியிருக்கிறார்.

காலையில் கொரியருக்கு அழைத்தபோது பார்சல் கைமாறிவிட்டது. பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். அந்த எண் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. ஒரு சேலை நெய்ய வாப்பாவுக்கு இரண்டு நாள் போகும். மூன்று சேலை என்றால் ஆறு நாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, போய்த் தறியில் இருந்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு ஆப் வழியாகப் போடும் காசு பெரும்பாலும் செஃப்ட்ஸ் என்ற முறையில் போகிறது. 2015இலிருந்து நடக்கிறது. அது அந்த நேரத்திலேயே கணக்கில் விழுகிற முறை. அதனால் "ஸ்லிப் இருக்கு, காசு நாளைக்கு விழும்" என்று யாராவது சொன்னால் பார்சலைத் தூக்கி உள்ளே வையுங்கள். எஸ்எம்எஸ்ஸையும் நம்பி இருக்காதீர்கள். ஆப்பைத் திறந்து வரவைக் கண்ணால் பாருங்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கல்லடி, கஜு

தங்கச்சி, வாசிக்கவே நெஞ்சு கனத்துப் போனது. என்னுடையது ஏமாற்றுக் கதை இல்லை, ஆனாலும் காசு குறைந்தது.

கடை மேசையில் இருக்கும் லங்காகியூஆர் அட்டையை, அதாவது போனால் ஸ்கேன் செய்து காசு கட்டும் அட்டையை, படம் எடுத்து ஒன்லைனில் கேட்பவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த அட்டையில் நம்முடைய வணிக விபரம்தான் இருக்கிறது, தொகை இல்லை. வாங்குகிறவர்தான் தொகையைத் தட்ட வேண்டும். திருகோணமலையில் ஓர் ஐயா ஒரு கிலோ கஜுவுக்கு 5,200 தட்டும்போது ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டார். 520 ரூபா வந்தது. போனில் சத்தம் கேட்டதும் நானும் தொகையைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர், சொன்னவுடன் மிச்சத்தைப் போட்டார். எல்லாரும் அப்படி இருப்பார்களா?

இன்னொன்றும் உண்டு. கியூஆர் படத்தை ஓர் அம்மாவுக்கு அனுப்பினேன். அழைத்துக் கேட்டார்: "இந்தப் படம் இந்தப் போனுக்குள்ளதானே கிடக்கு மனே, இதால இதையே எப்பிடி ஸ்கேன் பண்ற?" சரியான கேள்வி. கடையில் அட்டை மேசையில் இருக்கும், போன் கையில் இருக்கும். ஒன்லைனில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று. பல ஆப்களில் கெலரியிலிருந்து படத்தை எடுத்துக் கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அம்மாமாருக்கு யார் காட்டுவது? இப்போது ஒவ்வொரு ஓடருக்கும் தொகை போட்ட, காசு கட்டும் லிங்க் அனுப்புகிறேன். தொட்டால் தொகை தானாக வரும், பூச்சியம் தவறாது.

அட்டையைக் குறை சொல்லவில்லை. 2018இல் மத்திய வங்கி எல்லாருக்கும் பொதுவான கியூஆர் முறையைக் கொண்டுவந்தது நம்மைப் போன்ற சிறு ஆட்களுக்குப் பெரிய உதவி. அதில் சேர்ந்த எந்த வங்கி ஆப் என்றாலும், போனில் காசு வைக்கும் எந்த வொலட் என்றாலும் அந்த ஒரே அட்டை போதும். நேரில் வந்து வாங்குகிறவர்களிடம் இன்றும் அதைத்தான் நீட்டுகிறேன்.

மட்டக்களப்பு நகர், இணையத்தளம் செய்கிறேன்

நான் மற்றப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஓர் உடுப்புக் கடைக்கு நான் செய்து கொடுத்த தளத்தில் ஒரு பெண்ணிடமிருந்து 3,900 ரூபா இரண்டு முறை எடுபட்டது. அவர் கொழும்பு பஸ்ஸில் இருந்து வாங்கியிருக்கிறார். காசு போனது, ஆனால் "நன்றி" பக்கம் திறப்பதற்குள் வெலிக்கந்தைப் பக்கம் சிக்னல் அறுந்துவிட்டது. அந்தப் பக்கம் திறந்தால்தான் ஓடரைக் காசு வந்ததாகக் குறிக்கும்படி நான் எழுதியிருந்தேன். திறக்காததால் காசு வரவில்லை என்று காட்டியது, அவர் திரும்பவும் கட்டிவிட்டார். பிழை முழுக்க என்னுடையது. கடைக்காரர் மற்ற 3,900ஐ அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார். நான் அவருக்குக் கூலி வாங்காமல் திருத்திக் கொடுத்தேன்.

தளம் வைத்திருப்பவர்கள் செய்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: காசு வந்தது என்று தளத்துக்கு யார் சொல்கிறார்? வாங்குகிறவரின் பிரவுசர் சொல்கிறது என்றால் அது ஸ்கிரீன்ஷொட்டை நம்புவது போலத்தான். நன்றிப் பக்கத்தின் முகவரியை யாரும் தட்டித் திறக்கலாம். பேமண்ட் கேட்வே, அதாவது ஒன்லைனில் காசை வாங்கிக் கடைக்குக் கொடுக்கும் நிறுவனம், தளம் ஓடும் நம்முடைய சேர்வருக்கு நேரே ஓர் அறிவித்தல் அனுப்பும், அதைத்தான் எடுக்க வேண்டும். பேஹியர் என்ற கேட்வேயில் அந்த அறிவித்தலில் 2 என்று வந்தால் காசு சரி, 0 என்றால் இன்னும் முடியவில்லை, கழித்தல் குறியோடு வந்தால் ரத்து, தோல்வி, அல்லது கட்டியவர் பின்னால் மறுத்துத் திரும்பப் போன காசு. கூடவே நமக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த இரகசியச் சொல்லை வைத்து உருவாக்கிய ஒரு கையொப்பம் வரும். அதை நாமும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும், தொகையும் ஓடரோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே அறிவித்தல் இரண்டு தரம் வந்தாலும் ஒரு பார்சல்தான் போக வேண்டும்.

புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று. வீட்டுக் கணினியில் ஓடும் தளத்துக்கு அந்த அறிவித்தல் வந்து சேராது. வெளியில் இருந்து திறக்கக்கூடிய முகவரி வேண்டும். இதைத் தெரியாமல் நான் இரண்டு இரவு முழித்திருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி, கேக்

சுருக்கமாக. 2,000 ரூபா கேக்குக்கு ஒருவர் "தெரியாமல் 12,000 போட்டுட்டன், மிச்சம் பத்தை இந்த வொலட் நம்பருக்குப் போடுங்க அக்கா, பிள்ளை ஆஸ்பத்திரியில" என்று அவசரப்படுத்தினார். வரவு எஸ்எம்எஸ்ஸும் வந்தது, ஆனால் வங்கியின் பெயரில் இல்லை, சாதாரணப் போன் நம்பரிலிருந்து. ஆப்பில் பார்த்தேன், ஒரு சதமும் வரவில்லை. உண்மையாகவே கூட வந்திருந்தாலும் வந்த கணக்குக்கே திருப்புங்கள், வேறு நம்பருக்கு வேண்டாம். அப்புறம், காசு வாங்குவதற்கு ஓடிபியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

பொத்துவில், அறுகம்பே அறைகள்

எங்கள் சீசன் ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை. அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் முதலில் கேட்பது பேபால் என்ற ஒன்லைன் காசுக் கணக்கு. அப்போது இலங்கையில் திறந்த பேபால் கணக்கால் காசு அனுப்ப முடிந்தது, வாங்க முடியவில்லை. அதனால் ஒரு வருடம் லண்டனில் இருக்கும் மச்சானின் கணக்கில் முற்பணம் வாங்கினேன். ஒருவர் பயணத்தை நிறுத்திவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்டபோது முறைப்பாடு மச்சானின் பெயரில் போய் விழுந்தது. அறையையே பார்க்காத மனிதர் பதில் எழுத வேண்டி வந்தது. ஆறு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. இப்போது உள்ளூர்க் கேட்வேயில் கார்ட் லிங்க் அனுப்பி முற்பணம் எடுக்கிறேன். ரத்து விதியை அந்தச் செய்தியிலேயே எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் லிங்க். பின்னால் கார்ட் வங்கியில் அவர் மறுத்தால் காட்டுவதற்கு அதுதான் நம் கையில் இருக்கும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் விஷயத்தில் நல்ல மாற்றம். 2024 பெப்ரவரி 12இல், இந்தியர்கள் போனால் காசு கட்டும் யுபிஐ முறை இலங்கையில் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் என் மேசையில் இருந்த லங்காகியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து காட்டினான். அவன் திரையில் இந்திய ரூபாயும் மாற்று விகிதமும், என் பக்கம் நம்முடைய ரூபா.

மருதமுனை, கைத்தறிச் சேலை

எல்லாருக்கும் நன்றி. கல்லடி அண்ணன் சொன்ன லிங்க் முறையை இந்தக் கிழமையே தொடங்குகிறேன். இன்னும் ஸ்லிப் வாங்குகிறாயா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வாங்குகிறேன், ஆனால் அதில் பார்ப்பது பரிமாற்ற இலக்கத்தை மட்டும்தான். ஆப்பில் அந்த வரவைக் கண்டபிறகு கடைசி நாலு எண்ணைப் பார்சலின் மூலையில் நீலப் பேனையால் எழுதுவேன். எண் இல்லாத பார்சலுக்குத் தம்பி டேப் ஒட்ட மாட்டான், கொரியர் தம்பி வாசலில் நின்று ஹோன் அடித்தாலும்.

பக்கத்தில் போட்டிருந்த ஸ்லிப் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அக்கரைப்பற்று அக்காவுக்கும் அழைத்து, அவருடைய ஸ்லிப்பை வைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு சேலை எடுத்து வைக்கச் சொன்னார். போன கிழமை காசு போட்டிருக்கிறார். இந்தமுறை ஸ்லிப் அனுப்பவில்லை. "விழுந்திட்டா எண்டு பார்த்துச் சொல்லு தங்கச்சி, பிறகு அனுப்பு" என்று மட்டும் எழுதியிருந்தார்.