சுவிசேஷம் சொல்லப் போன இடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?

முதலில் என் கதை. சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) கொடுப்பதில் எனக்கு ஒரு காலத்தில் கொஞ்சம் பெருமை. ரயில் ஏறினால் இறங்குவதற்குள் பை காலியாகிவிடும். ஒரு பயணத்தில் எதிரே இருந்த பெரியவரிடம் ஒன்றை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார். அப்புறம் ஒரு வரியில் விரலை வைத்து, "மீட்பின் கிரயம்னு போட்டிருக்கே தம்பி, கிரயம்னா விலைதானே? யார் யாருக்குக் கொடுத்த விலை?" என்றார்.

பதில் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அந்த வரியையே நான் அன்றுதான் பார்க்கிறேன். கட்டுக்கட்டாகக் கொடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. "எனக்கே தெரியலைங்க ஐயா" என்றேன். சிரித்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். இரண்டு மணி நேரம் பேசினோம். பாதிக்கு மேல் அவர் பேசியது இறந்துபோன மனைவியைப் பற்றி. (அதே பெட்டியில் இன்னொருவர் என் பிரதியை மடித்து ஜன்னல் இடுக்கில் செருகியிருந்தார். தடதட சத்தம் நின்றது என்னவோ உண்மை.)

அன்று இரவு வேதாகமத்தில் அப்போஸ்தலர் 8-ஐ எடுத்தேன். சுவிசேஷகனான பிலிப்புவுக்கு வந்த கட்டளை "நீ போய், அந்த இரதத்துடனே சேர்ந்துகொள்" என்பதுதான். அவன் ஓடிப்போய், ரதத்தில் இருந்த எத்தியோப்பிய மந்திரி ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசிப்பதை முதலில் காதால் கேட்கிறான். பிறகு ஒரு கேள்வி கேட்கிறான். மந்திரி ஏறி உட்காரச் சொன்ன பிறகுதான் இயேசுவைப் பற்றிப் பேச்சே எடுக்கிறான். நான் ரதத்துக்குள் காகிதம் வீசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவன்.

—

அண்ணா, நான் நர்ஸ். எங்கள் சபை வாலிபர் குழு ஒருமுறை வார்டுக்குள் பாட வந்தது. மூன்றாவது பாட்டில் ஒரு அம்மா, "இப்பதான் கண் அசந்தேன், கொஞ்சம் வெளிய போய்ப் பாடுங்கப்பா" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. அடுத்த நாள் அவருக்குக் கட்டு மாற்றும்போது, "நீயும் அந்தக் கூட்டமா?" என்றார். ஆமாம் என்றேன். "நீ மட்டும் ஏன் வலிக்குதான்னு கேட்டுக் கேட்டு பிளாஸ்திரியை எடுக்கிற?" என்றார். அன்றைக்குக் கொஞ்சம் சொன்னேன், மறுநாள் அவரே மீதியைக் கேட்டார்.

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளம் வந்தார். வங்காளி ஒருவருக்கு அவர் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். அந்த மனிதர் கிருஷ்ண பால் ஒரு தச்சர்; கேரியின் கூட்டாளியான டாக்டர் ஜான் தாமஸ், அவருடைய பிசகிய கையைச் சரிசெய்ததில் நெருங்கிய பழக்கம் அது. ஏழு வருடப் பிரசங்கம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கையை நான் மறப்பதில்லை.

—

சகோதரி சொன்னதற்கு ஆமென். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியதைப் பிடித்துக்கொண்டு, கேட்டால் சொல்லலாம் என்று இருந்தவன் நான். மத்தேயு 28-ல் இயேசுவின் கட்டளை "புறப்பட்டுப்போய்" என்று இருப்பதை வசதியாக விட்டுவிட்டேன். பக்கத்து மேசையில் பதினொரு வருடம் ஒருவர். பிள்ளைகள் படிப்பு, கடன், கிரிக்கெட், எல்லாம் பேசியிருக்கிறோம். ஓய்வு பெறும் நாளில் என் மேசையை ஒழிக்க உதவி செய்தார். இழுப்பறையின் அடியில் இருந்த சின்னப் புதிய ஏற்பாட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்களதா சார்? ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றார்.

குற்றம் சாட்டவில்லை, சும்மாதான் கேட்டார். அதை அவருக்கே கொடுத்துவிட்டேன். போன வாரம் போன் செய்தார். மத்தேயு முதல் அதிகாரத்தில் இத்தனை பெயர்கள் எதற்கு என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.