1941 தோட்டத்து நாடகம்: மேடை அமைப்புக்கு மாதிரிப் படங்கள் எங்கே தேடுவது?

காப்பார் நாடகக்குழு:
வணக்கம். கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் 1941-இல் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேர நாடகம் போடுகிறோம். மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம். லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), பால் ஸ்டோர் (ரப்பர்ப் பாலை நிறுத்து வாங்கும் இடம்) மூன்றும் காட்ட வேண்டும். இணையத்தில் தேடினால் இந்தக் காலத்துக் கலர்ப் படங்களும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களும்தான் வருகின்றன. அந்தக் காலப் படங்கள் எங்கே கிடைக்கும்?

பழையபடம்:
தேடும் சொல்லை மாற்றுங்கள். 'மலேசியா' 1963-இல் வந்த பெயர், அதனால் 'மலாயா' என்று போடுங்கள். பழைய படக்குறிப்புகளில் 'கூலி லைன்ஸ்', 'டாமில் கூலிஸ்' என்றுதான் எழுதியிருப்பார்கள். படிக்க வலிக்கும், ஆனாலும் அந்தச் சொற்களைப் போட்டால்தான் படம் வரும். ஆர்க்கிப் நெகாராவின் (மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம்) இணையப் பட்டியலில் மலாயில் 'லாடாங் கெத்தா' என்று தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் படங்களையும் இணையத்திலேயே பார்க்கலாம்.

பலர் கவனிக்காத இடம் பழைய நாளிதழ்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் 1941-ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் இதழ்களின் விளம்பரங்களைப் புரட்டுங்கள். சைக்கிள், துணி, விளக்கு எல்லாம் தேதியோடு கிடைக்கும். துரையை (தோட்ட நிர்வாகியை) கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று. எனவே உங்கள் மேடையில் சைக்கிள் தவறாகிவிடக் கூடாது. கம்பி பிரேக் (கேபிள் அல்ல, இரும்புத் தண்டு), 28 அங்குலச் சக்கரம், கறுப்புச் சட்டம் பாருங்கள்.

நிரைக்காரன்:
கிடைத்த படத்தை அப்படியே நம்பாதீர்கள். விக்கிமீடியாவில் பால்மர (ரப்பர் மர) படங்கள் நிறைய உண்டு. அவற்றில் பல டச்சு அருங்காட்சியகம் ஒன்றின் தொகுப்பிலிருந்து வந்த சுமத்ரா, ஜாவா படங்கள். ஆளும் உடையும் வேறு.

படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்பதை, பாலெடுக்கப் பட்டையில் போடும் வெட்டைப் பார்த்தே சொல்லலாம். மரத்துக்கு நேரே நின்றால் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து, சுமார் 30 பாகைச் சாய்வில் வலப்பக்கம் இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன, இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். கோடு எதிர்ப்பக்கம் இறங்கினால், படத்தைத் திருப்பிப் பதித்திருக்கிறார்கள். அப்போது சேலை முந்தானை விழும் தோளும் மாறியிருக்கும். (பழைய மீன்முள் வெட்டில் இரு பக்கமும் கோடு இருக்கும், அதில் இந்தச் சோதனை செல்லாது.) உங்கள் மேடை மரங்களிலும் கோட்டைச் சரியாக வரையுங்கள். மரம் வெட்டிப் பாலெடுத்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள்.

காப்பார் நாடகக்குழு:
நன்றிங்க அண்ணா. நிறத்தை எப்படி முடிவு செய்வது? எல்லாமே கறுப்பு வெள்ளை.

பழையபடம்:
படத்தின் சாயலை வைத்து முடிவு செய்யாதீர்கள். அன்றைய படச்சுருள்களில் பல சிவப்பை உணராதவை. சிவப்புச் சேலை கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். கணினி பூசிய கலர்ப் படங்களோ வெறும் ஊகம், ஒதுக்கிவிடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பருத்திச் சேலை இருந்தால் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். நைலான் வேண்டாம், பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம். தகர வாளி, காண்டாக்கம்பு (வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்பு), மங்கு (பால் வடியும் கிண்ணம்) போதும்.

ஒளிக்கும் ஆவணப் படங்கள் உதவாது. நிறைய வெளிச்சம் தேவைப்படும் மெதுவான சுருள் என்பதால் பெரும்பாலும் நல்ல வெயிலில் எடுத்தவை, பெரட்டோ இருட்டில் நடப்பது. இன்றைய செம்பனைக் காட்டு வெளிச்சமும் வேறு. இன்னும் பால்மரம் நிற்கும் இடத்துக்கு விடியற்காலையில் போய், கைப்பேசியில் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 'பகல்' என்று பூட்டிவிட்டு எடுங்கள். தானியங்கியில் விட்டால் விடியலின் நீலத்தை அழித்துவிடும்.

தச்சுப்பட்டறை:
லயத்தின் அளவுக்கு ஒரு வழி. படத்தில் நாலு காலன் மண்ணெண்ணெய்த் தகரம் இருக்கிறதா பாருங்கள், உயரம் ஏறத்தாழ 35 செ.மீ. படத்தில் அளந்தால் தகரம் 14 மி.மீ., பக்கத்துக் கதவு 76 மி.மீ. என்றால், கதவு சுமார் 190 செ.மீ. இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. 16 அடி ஆழத்தில் மூன்று இடமும் கட்டினால் நடிகர்களுக்கு நிற்க இடமிருக்காது. லயத்தின் இரண்டு கதவும் ஐந்தடியும் (வாசல் முன் நடைபாதை) மட்டும் கட்டுங்கள், பால் ஸ்டோருக்குத் தொட்டியும் தராசும் உருட்டிக்கொண்டு வந்தால் போதும்.