கிணற்றில் 28 டிகிரி இருந்தால் ஜெர்மனியைவிட மூன்று மடங்கு வளமா?

பாம்பன்காற்று:
தங்கச்சிமடத்தான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஜெர்மனியில் தரைக்கடியில் 10, 12 டிகிரிதானாம், அதை வைத்தே நகரங்களில் வீட்டைச் சூடாக்குகிறார்களாம், நம் கிணற்றில் 28 டிகிரி இருப்பதால் ராமநாதபுரம் கரையில் நிலவெப்ப வளம் மூன்று மடங்காம். செல்சியஸில் சைபர் என்பது தண்ணீர் உறையும் இடம், அவ்வளவுதான். அங்கிருந்து எண்ணி மடங்கு போடுவது என்ன கணக்கு?

தங்கச்சிமடத்தான்:
22 வருஷமாகப் போர் போடுகிறேன். உச்சிப்புளியிலிருந்து தேவிபட்டினம் வரை நான் துளைக்காத மணல் இல்லை. பத்து மீட்டருக்குக் கீழே சித்திரையிலும் 28, மார்கழியிலும் 28. தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தவன் சொல்கிறேன். 28 பெரிதா, 10 பெரிதா? அதைச் சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா:
அண்ணே, 28-ஐ யாரும் மறுக்கவில்லை. அந்த ஆழத்தில் ஊரின் வருஷ சராசரி வெப்பநிலைதான் நிற்கும். நான் ஒன்பது வருஷம் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருந்தவன். அங்கே நகரத்து நடுவில் நிலத்தடி நீர் சுற்று வட்டாரத்தைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதல். நிலவறை, சாக்கடை, தார்ச்சாலை எல்லாம் மண்ணைச் சூடாக்கி வைத்திருக்கின்றன. மண்ணிலிருந்து சூட்டை எடுத்து அதை எத்தனை டிகிரி இறக்கலாம் என்பதை வைத்துத்தான் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர், 20 மீட்டர் கனத்துக்கு நீர் ஊறிய மணல் என்று வையுங்கள். ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி இறக்கினால் சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் கிடைக்கும்; 36 லட்சம் ஜூல் ஒரு யூனிட். 4 டிகிரி இறக்கினால் 5.5 கோடி யூனிட் வெப்பம். இதில் 28 எங்கே வருகிறது?

தங்கச்சிமடத்தான்:
ஏன் 4? அவன் மண் 10 டிகிரி, கொஞ்சம் இறக்கினாலே உறைந்துவிடும். நம்முடையது 28. இருபது டிகிரி இறக்கினாலும் 8 மிச்சம். உங்கள் கணக்குப்படியே ஐந்து மடங்கு வருகிறதே! நான் மூன்று என்றுதான் சொன்னேன்.

பாம்பன்காற்று:
இறக்கி எந்த வீட்டைச் சூடாக்கப் போகிறீர்கள்? மார்கழி விடியற்காலையில்கூட இங்கே மின்விசிறி ஓடுகிறது. கேட்க ஆளில்லாத சூட்டை வளம் என்பதா?

தங்கச்சிமடத்தான்:
தேவை வேறு, வளம் வேறு. மண்ணுக்குள் இருக்கிறதா இல்லையா? 28 இருக்கிறது.

மண்டபம் அக்கா:
மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி நானும் பேசுகிறேன். இந்தக் கரையில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கையால் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆழமாகக் குழாய் இறக்கி இழுத்தால் உப்பு மேலே ஏறும். எங்கள் தெருவில் நீங்கள் போட்ட போர் மூன்றாம் மாசமே உப்பாகிவிட்டது. காசு வாங்கும்போது 28 டிகிரி பேசவில்லையே தம்பி?

தங்கச்சிமடத்தான்:
அக்கா, அறுபது அடியோடு நிறுத்தச் சொன்னேன். இன்னும் இறக்கு என்று நின்றது உங்கள் வீட்டுக்காரர். அதை இங்கே இழுக்காதீர்கள்.

மண்டபம் அக்கா:
அவர் நின்றாரா? எங்கள் வாசலுக்கு வந்து சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா:
விஷயத்துக்கு வருவோம். சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938-லேயே லிம்மாத் ஆற்று நீரை வைத்து ஹீட் பம்ப் ஓட்டினார்கள். ஏசியைத் திருப்பிப் போட்டது மாதிரி, குளிர்ந்த நீரிலோ மண்ணிலோ இருக்கும் சூட்டைக் கரண்டால் இழுத்து வீட்டுக்குள் விடும் இயந்திரம் அது. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும் என்பதால்தான் அங்கே இது கட்டுப்படியாகிறது. நமக்கு ஏசிதான் வேண்டும். வெளியே 36 டிகிரி அடிக்கும்போது ஏசியின் சூட்டை 28 டிகிரி மண்ணில் இறக்கினால் கம்ப்ரசருக்குப் பாரம் குறையும். கணக்கெடுப்பதென்றால் அதை எடுக்கலாம்.

தங்கச்சிமடத்தான்:
பார்த்தீர்களா, காக்காவே 28 என்று எழுதிவிட்டார்.

பாம்பன்காற்று:
அவர் எழுதியது குளிருக்கு! நீங்கள் சொன்னது சூட்டுக்கு! போன வருஷம் உப்பங்கழி பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

தங்கச்சிமடத்தான்:
உப்பங்கழியிலும் நான் சொன்னதுதான் சரி. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் சொன்னால் தலையாட்டுகிறீர்கள், கிணற்றுக்குள் இறங்கியவன் சொன்னால் கணக்குக் கேட்கிறீர்கள். நாளை காலை பெரியபட்டினத்தில் ஒரு போர் வேலை. தெர்மாமீட்டரோடு போட்டோ போடுகிறேன்.

கீழக்கரை காக்கா:
போட்டோவில் 28 தான் இருக்கும் அண்ணே. மூன்று மடங்கு எங்கே இருக்கும்?

தங்கச்சிமடத்தான்:
28 இருக்கும் என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி.