புதுப்பிப்பு: அப்பாவின் ஃபைபர் படகுக்கு ஜிபிஎஸ் வாங்கியாச்சு

கடலூரில் அப்பா ஓட்டும் ஃபைபர் படகுக்கு எந்த ஜிபிஎஸ் வாங்கலாம், செல்போன் ஆப் போதாதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கையடக்கமான, டபுள் ஏ பேட்டரியில் ஓடும் கருவியை வாங்கிவிட்டோம்.

மீன் காட்டும் பெரிய திரையைத்தான் பலர் சொன்னீர்கள். நல்லதுதான், ஆனால் அதற்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். எங்களுடையது கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின். படகில் பேட்டரியே கிடையாது. செல்போனை அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார். உப்புத் தண்ணீர் சொட்டும் விரல் சொன்னால் தொடுதிரை எங்கே கேட்கிறது? பட்டன்தான் சரி.

அப்புறம், வாங்கியதும் முதலில் அட்சரேகை காட்டும் முறையைப் பாருங்கள். கடலூர் ஏறக்குறைய 11 டிகிரி 45 நிமிடத்தில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் தசமத்தில் அது 11.75. பழைய நோட்டில் ‘11 45’ என்றிருப்பதை 11.45 என்று அடித்தால், கருவி 18 கடல் மைல், அதாவது 33 கிலோமீட்டர் தெற்கே, பிச்சாவரம் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் டிகிரி, நிமிடத்திலேயே வைத்துவிட்டோம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல் என்பதால் மனக்கணக்கும் சுலபம்.

கடல் மேப் தனியாக வாங்கவில்லை. அப்பாவுக்கு வேண்டியது பார், அதாவது கடலடிப் பாறை இருக்கும் இடங்கள்தான்: மீன் கூடும் பாரும் வலை கிழிக்கும் பாரும். படகு அதற்கு மேலே போகும்போது பட்டனை அழுத்தி இடத்தைப் பதிந்துகொள்கிறார். பெயர் அடிப்பது மட்டும் என் வேலை. ‘மாமா பார்’ என்றார். எந்த மாமா என்று கேட்டால் சிரிக்கிறார்.

ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் மீன்பிடி இட அறிவிப்பையும் இதில் ஏற்றலாம். அதில் எண்கள் எந்த முறையில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.