அத்தையின் பங்கு: "விடுதலை" என்று எழுதுவதா, "துறந்தேன்" என்று எழுதுவதா?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். உயில் எழுதாமல் காலமான எங்கள் தாத்தாவின் வீட்டில் அப்பா, சித்தப்பா, அத்தை ஆகிய மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் உரிமை இருக்கிறது. பாட்டி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை தம் பங்கைத் தம்பிகள் இருவருக்கும் விட்டுவிட முடிவு செய்திருக்கிறார். ஆவண எழுத்தர் தயாரித்த வரைவில், "எனக்குள்ள மூன்றில் ஒரு பாக பாத்தியதையை இதன் மூலம் விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனி மேற்படி சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்று இருக்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது அத்தை, "விடுதலையா? நான் என்ன ஜெயிலிலா இருந்தேன்?" என்று கேட்டுவிட்டார். "உரிமையைத் துறந்தேன்" அல்லது "விட்டுக்கொடுத்தேன்" என்று மாற்றினால் தமிழும் நன்றாக இருக்கும், அத்தைக்கும் மனம் ஆறும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றலாமா?

பழைய பத்திரம்

தம்பி, நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிய கை என்பதால் சொல்கிறேன், அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். விடுதலை ஆவது உங்கள் அத்தை அல்ல. அவருடைய பிடியிலிருந்து அந்த வீடு விடுதலை ஆகிறது. பங்கு பிரிக்காத வீட்டில் எந்தச் செங்கலைத் தொட்டாலும் அதில் மூவருக்கும் உரிமை உண்டு. ஆகவே அத்தை தம் கையை எடுத்துக்கொள்ளும்போது, ஏற்கெனவே உரிமை உள்ள தம்பிகளின் பங்கு தானாக விரிகிறது. இதனால்தான் விடுதலைப் பத்திரத்தைப் பொதுவாகக் கூட்டுரிமையாளருக்கே எழுதுவோம். அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுப்பதென்றால் அது கிரயமாகவோ தான செட்டில்மெண்டாகவோ இருக்க வேண்டும். "விட்டுக்கொடுத்தேன்" என்று மட்டும் எழுதி வைத்தால், இது தானமா, விடுதலையா, வெறும் குடும்பப் பேச்சா என்று பின்னால் ஒரு வழக்கறிஞர் கேட்க இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தா உயிரோடு இருந்தபோது, அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் இப்படி ஒரு பத்திரம் எழுதியிருந்தால் அது பொதுவாகச் செல்லாது. பிற்காலத்தில் வாரிசாக வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் மாற்றிக் கொடுக்க முடியாது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 6ஆம் பிரிவில் சொல்கிறது. "அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்" என்று கல்யாணத்தன்றே பெண்ணிடம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் இல்லாததை எப்படி விட முடியும்? உங்கள் வீட்டில் தாத்தா காலமான பிறகு எழுதுவதால் அந்தச் சிக்கல் இல்லை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமை என்பதால், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு மட்டும் கட்டாயம்.

ஏடும் எழுத்தாணியும்

ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். மொழி பற்றி நான் சொல்கிறேன். "துறத்தல்" என்ற சொல்லுக்கு, விட்டதை யார் பெற்றார்கள் என்ற கவலையே கிடையாது. விடுகிறவரின் நிலை மாறுவதுதான் அதில் செய்தி. 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்டு முடி துறந்தார் என்று எழுதுகிறோம். அடுத்து முடி சூடியவரைப் பற்றி அந்தத் தொடர் ஒன்றும் பேசவில்லை. திருக்குறளின் துறவு அதிகாரத்தில் வரும் "தீரத் துறந்தார்" என்ற தொடரிலும் பெறுபவர் எவரும் இல்லை. வீட்டுப் பங்கை அத்தை "துறந்தேன்" என்று எழுதினால், படிப்பவர்கள் அவர் காசிக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முறைப்படி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதைச் சொல்ல நம்மிடம் இருந்த அழகான தொடர் "தாரை வார்த்தல்". புறநானூற்றின் 367ஆம் பாடலில் ஔவையார், ஏற்றவர்களின் ஈரக்கை நிறையப் பூவும் பொன்னும் "புனல்படச் சொரிந்து" கொடுப்பதைப் பாடுகிறார். கல்வெட்டுகளிலும் நீர் வார்த்துக் கொடுத்த நிலங்கள் பல உண்டு. திருமண மேடையில் இன்றும் அச்சொல் மங்கலமானதுதான். ஆனால் மேடையை விட்டு இறங்கி நாளிதழுக்குள் வந்தால், உரிமையில்லாதவர் ஊரார் சொத்தைத் தூக்கிக் கொடுத்தார் என்ற வசைச்சொல் ஆகிவிடுகிறது. 1974 ஒப்பந்தத்தைக் குறை சொல்பவர்கள் கச்சத்தீவு தாரை வார்க்கப்பட்டது என்கிறார்கள். நடுவண் அரசோ, அந்தப் பகுதி எல்லை வகுக்கப்படாமல் தகராறில் இருந்ததால் இந்தியா எதையும் விட்டுக்கொடுக்கவே இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் கூறியது. கொடுத்தோமா என்பதே அங்கு வழக்காக இருக்கும்போது, எந்த வினைச்சொல்லைப் போட்டாலும் அது ஒரு கட்சியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் பத்திரத்தில் அதையும் எழுத வேண்டாம்.

பனிக்காடு

கனடாவிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. இங்கே குடியுரிமை பெற்ற இந்தியத் தமிழர்களில் பலர் "இந்தியக் குடியுரிமையைத் துறந்துவிட்டேன்" என்று கனத்த மனத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் தாமாக அறிவித்துத் துறப்பது 8ஆம் பிரிவு. வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றதால் இந்தியக் குடியுரிமை தானாக முடிவது 9ஆம் பிரிவு. இங்கே உறுதிமொழி எடுத்த நிமிடத்திலேயே எனக்கு அது முடிந்துபோயிற்று. அதன் பிறகு நான் துறப்பதற்கு மிச்சம் இருந்தது அந்த நீலக் கடவுச்சீட்டு மட்டுமே. அதை ஒப்படைத்தேன் என்று சொல்லலாமே தவிர, துறந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய பத்திரம்

பனிக்காடு சொன்னதைப் படித்ததும் "ராஜினாமா" நினைவுக்கு வந்தது. பாரசீகத்தில் அது சம்மதப் பத்திரம். நீதிமன்றத்தில் இரு தரப்பும் சமாதானமானால் இன்றும் "ராஜியாகப் போய்விட்டார்கள்" என்றுதானே சொல்கிறோம்? பழைய மும்பை மாகாணத்தில் விவசாயி தன் நிலத்தை அரசிடம் விட்டுவிட எழுதிக் கொடுத்த தாளுக்கும் இதே பெயர்தான். நம் ஊரில் அது வேலையை விடுவதோடு நின்றுவிட்டது.

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. "விடுதலை" என்றே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். விடுதலை வீட்டுக்குத்தான், உங்களுக்கு அல்ல என்று ஐயா சொன்னதை அத்தையிடம் விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் கூடத்தில் தொங்கும் அம்மாவின் ஊஞ்சலும் இதில் சேர்த்தியா?" என்று கேட்டார். சொத்து விவரத்தில் மனையும் கட்டடமும்தான் இருக்கின்றன, ஊஞ்சலைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று ஆவண எழுத்தர் காட்டினார். பதிவு வரும் வியாழக்கிழமை. ஊஞ்சல் நேற்றே சங்கிலியோடு அத்தை வீட்டுக்குப் போய்விட்டது.